உள்ள இருக்கறவருக்கு மாத்திரை ஒழுங்கா போகலைன்னா

கேள்வி: வாய்க்கால் தண்ணி தகராறுல அடிதடி கேஸாகி என் வீட்டுக்காரர் மூணு வாரமா ஒரு கிளைச் சிறைல இருக்கார். எட்டு வருஷமா வலிப்பு மாத்திரை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மனு பாக்க (அதாவது ஜெயில்ல அவரை நேர்ல பாக்க) போனப்ப கொண்டுபோன மாத்திரையை கேட்லயே திருப்பிட்டாங்க. உள்ள ராத்திரி மட்டும் ஒண்ணு, அதையும் நுணுக்கி தண்ணில கரைச்சு குடிக்க வைக்கறாங்களாம். போன வாரம் ரெண்டு தடவை வலிப்பு வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டார். என்ன பண்றது சார்? (திருவாரூர் மாவட்ட வாசகி)

பதில்: பதறாதீங்கம்மா, ஆனா அடுத்த வாய்தாவுக்குப் பாத்துக்கலாம்னும் இருந்துடாதீங்க. வலிப்பு மாத்திரை திடீர்னு பாதியாச்சுன்னா வலிப்பு விடாம அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். முதல்ல வீட்ல இருக்கற பழைய அட்டையை எடுத்து மாத்திரை பேருக்குப் பின்னாடி சிஆர்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அது மெதுவா கரையற மாத்திரை, நுணுக்கினா மருந்து மொத்தமும் ஒரேயடியா உடம்புல இறங்கிடும். ஜெயில்ல ஏன் நுணுக்கறாங்கன்னா பதுக்கி வச்சு மொத்தமா முழுங்கிடுவாங்க, இல்ல அடுத்த ஆளுக்கு கைமாத்திடுவாங்கன்னு பயம், அது நியாயமான பயம்தான், ஆனா எத்தனை வேளை, எப்படிங்கறதை டாக்டர்தான் சொல்லணும், வார்டர் இல்ல. கைதிகளை எப்படி நடத்தணும்னு சொல்ற ஐநாவோட மண்டேலா விதிகள்லயும் (2015) இதே தான் இருக்கு.

கேட்ல திருப்பினதுக்கு சண்டை போடாதீங்க. வெளி மாத்திரையை பரிசோதிக்காம உள்ள விட மாட்டாங்க. அதுக்காக பிஸ்கட் பாக்கெட்ல ஒளிச்சு அனுப்பற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், நான் வக்கீலா இருந்த கேஸ்ல கட்சிக்காரர் ஒருத்தரோட அம்மா அப்படிப் பண்ணி மாட்டி, அப்பறம் மகனைப் பாக்கவே நாங்க படாதபாடு பட்டோம்.

நாளைக்கே, அவருக்கு வழக்கமா வைத்தியம் பாக்கற டாக்டர்கிட்ட லெட்டர் வாங்குங்க. மருந்து பேர், எத்தனை மில்லிகிராம், எந்தெந்த வேளை, நுணுக்கக்கூடாதுன்னா அதையும் எழுதச் சொல்லுங்க. ஒரு நகலை சிறை சூப்பரண்டுக்கு டெலிவரி ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, இன்னொண்ணை வச்சு வக்கீல் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடட்டும். காவல்ல வச்சிருக்கறவர்தான் கைதியோட உடல்நலத்துக்கு நியாயமான அக்கறை எடுக்கணும்னு பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 56வது பிரிவு சொல்லுது, உள்ள வந்த கைதியை டாக்டர் பரிசோதிச்சு பதிவு பண்ணணும்னு 1894 சிறைச் சட்டத்துலயே இருக்கு. அந்தப் பதிவேட்டை கோர்ட் வரவழைக்கணும், திருவாரூர் இல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அழைச்சுட்டுப் போய் காட்டணும்னு மனுவுல கேளுங்க. எஸ்கார்ட் போலீஸ் இல்லம்பாங்க, எப்பவும் சொல்றதுதான், கோர்ட் உத்தரவு கைல இருந்தா எஸ்கார்ட் எங்கேருந்தோ வந்துடும். ரிமாண்ட் நீட்டிக்க மாஜிஸ்ட்ரேட்கிட்ட வீடியோல காட்டறப்ப அவரே வாயத் தொறந்து "அய்யா, காலை மாத்திரை தர்றதில்ல, ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சு"ன்னு சொல்லணும், அங்க பேசாம தலையாட்டிட்டு வந்துட்டா அப்பறம் நாம கத்தி பிரயோஜனம் இல்ல.

ஜாமீன்? நோயாளிங்கறதை அதே பிஎன்எஸ்எஸ் 480வது பிரிவுல மாஜிஸ்ட்ரேட் கணக்குல எடுக்கலாம், ஆனா மாத்திரைல அடங்கற நோய்னா உள்ளயே வைத்தியம் பாருங்கன்னு சொல்லிடறதும் உண்டு, அதனால இதை மட்டும் நம்பி இருக்காதீங்க. உயிர் சம்பந்தப்பட்ட தகவல்னா ஆர்டிஐல (தகவல் உரிமைச் சட்டம்) 48 மணி நேரத்துல பதில் தரணும், அவருக்குக் குடுத்த மருந்து விவரத்தை அதுல கேளுங்க. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள. வக்கீலுக்குக் காசு இல்லன்னா இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் பண்ணுங்க, காவல்ல இருக்கறவருக்கு இலவச வக்கீல் சட்டப்படி உரிமை. இது எதுவும் நகரலைன்னா ஹைகோர்ட்ல ரிட் மனு (அதிகாரிங்களுக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேக்கறது) தான், தஞ்சாவூர்க்காரங்க ஹைகோர்ட்டோட மதுரைக் கிளைக்குப் போவாங்க, உங்க மாவட்டத்துக்கு சென்னை ஹைகோர்ட்.

அடுத்த தடவை மனு பாக்கப் போறப்ப வலிப்பு வந்த தேதி, நேரம், அப்ப செல்லுல கூட யார் இருந்தாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. மனுவுல முதல் பாரால அதைத்தான் போடணும்.