பெரிய மென்பொருள் நிறுவனத்தில் எல்லாச் சுற்றும் நன்றாகச் செய்தும் ஏன் நிராகரிக்கிறார்கள்? உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி கேட்டவரின் நிலை இது: ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து சுற்று நேர்காணல் முடித்திருக்கிறார். எல்லாக் கேள்விக்கும் விடை வந்தது என்கிறார். பேசியவர்களும் சிரித்த முகமாகத்தான் பேசினார்களாம். இரண்டு வாரம் கழித்து மூன்றே வரியில் ஒரு மெயில், "இம்முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை" என்று. காரணம் கேட்டு எழுதினார், பதில் இல்லை. நான் என்ன தவறு செய்தேன் என்று கேட்கிறார்.

இதே மாதிரி மெயில் எனக்கும் வந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து அதே நிறுவனத்தில் சேர்ந்தேன், பிறகு நான்கு வருடம் நேர்காணல் எடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்தேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் முறை எனக்கு வந்த கோடிங் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நாளில் நடக்கும் கூட்டங்களின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் பட்டியலாகத் தரப்படும். எல்லாக் கூட்டமும் நடக்கக் குறைந்தது எத்தனை அறை வேண்டும்? நேர்காணலுக்குப் பயிற்சி எடுக்கும் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி. நானும் முன்பே போட்டுப் பார்த்தவன்தான். கேட்டதும் மனதுக்குள் அப்படி ஒரு நிம்மதி. தொடக்க நேரப்படி வரிசைப்படுத்த வேண்டும், முடிவு நேரங்களை ஹீப்பில் (இருப்பதில் மிகச் சிறியதை உடனே எடுத்துத் தரும் தரவு அமைப்பு) போட்டுக்கொண்டே வர வேண்டும், புதுக் கூட்டம் தொடங்கும்போது பழைய கூட்டம் ஏதாவது முடிந்திருந்தால் அந்த அறையையே கொடுக்க வேண்டும். மளமளவென்று எழுதினேன். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. வீடியோ காலின் மறுமுனையில் முதலில் அவ்வப்போது கீபோர்டு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

முடித்துவிட்டேன் என்று சொன்னதும் நேர்காணல் எடுத்தவர் கேட்டார்: "பத்து மணிக்கு ஒரு கூட்டம் முடியுது, பத்து மணிக்கே இன்னொண்ணு ஆரம்பிக்குது. உங்க கோடு எத்தனை அறைன்னு சொல்லும்?"

பார்த்தேன். 'சிறியது' என்று மட்டும் ஒப்பிட்டிருந்தேன், 'சமம்' போடவில்லை. இரண்டு அறை என்று சொல்லும். உடனே ஒரு சமக்குறியைச் சேர்த்துவிட்டு, "இப்போ சரி" என்றேன்.

"ஏன் மாத்தினீங்க?"

"இப்போ ஒரே அறைதான் வரும்."

"அது புரியுது. ஏன் மாத்தினீங்க? ஒரு அறை போதும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதால் தப்பு என்று நினைத்து மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். ஒரு கூட்டம் முடிந்து ஆட்கள் வெளியேறி அடுத்தவர்கள் உள்ளே வர நேரம் வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வியில் சொல்லப்படாத விஷயம். அதை நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு அறை என்பதுகூடச் சரியான விடையாக இருந்திருக்கலாம். இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. விடை வந்துவிட்டது, ஒரு சின்னத் திருத்தம்தான் என்று திருப்தியோடு எழுந்துபோனேன். பத்து நாளில் அந்த மூன்று வரி மெயில்.

அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. நேர்காணல் முடிந்ததும் எடுத்தவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன கேள்வி கேட்டார், வந்தவர் எங்கே தொடங்கினார், என்னென்ன கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார், எங்கே சிக்கினார், எப்படி வெளியே வந்தார், எழுதிய கோடு, கடைசியில் எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்ற பரிந்துரை. மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கும் முன்பே தன்னுடையதை எழுதிவிட வேண்டும். பிறகு முடிவெடுக்கும் கூட்டத்தில் எல்லாக் குறிப்பையும் வரிசையாக வைத்துப் படிப்பார்கள். அங்கே உங்களைப் பார்த்தே இராத ஆட்களும் இருப்பார்கள். கூகுள் பல ஆண்டுகளாகப் பின்பற்றிய முறையில் நேர்காணல் எடுத்தவர்கள் முடிவெடுப்பதே இல்லை, குறிப்புகளை ஒரு தேர்வுக் குழு படித்து முடிவு செய்யும். அமேசானில் 'பார் ரெய்சர்' என்று ஒருவர் இருப்பார். ஆள் எடுக்கும் அணிக்கு வெளியே இருந்து வருபவர், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அந்த ஆளை எடுக்க முடியாது.

ஆகவே அந்த அறையில் நீங்கள் காட்டிய திறமை முழுதும் நாலைந்து பேர் எழுதிய குறிப்பாகச் சுருங்கித்தான் மேலே போகிறது. கூகுள் தன் பழைய நேர்காணல் பதிவுகளை ஆராய்ந்து, நான்கு நேர்காணலிலேயே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவுக்கு வந்துவிடலாம், அதற்கு மேல் வைப்பதால் பெரிய பயன் இல்லை என்று கண்டு எண்ணிக்கையைக் குறைத்தது. வேலை தேடுபவருக்கு நல்ல செய்திதான். ஆனால் நான்கு குறிப்பில் ஒன்று வெறுமையாகப் போனால் கால்வாசி நீங்கள் காணாமல் போகிறீர்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

என்னைப் பற்றி அன்றைக்கு அவரால் என்ன எழுதியிருக்க முடியும்? "விடை சரி. தெளிவுபடுத்தும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எப்படி யோசித்தார் என்று தெரியவில்லை." இதைத் தவிர வேறு என்ன? பன்னிரண்டு நிமிடம் மௌனமாக இருந்தவனைப் பற்றி எவ்வளவு நல்ல மனிதராலும் இதற்கு மேல் எழுத முடியாது. "ஏன் மாத்தினீங்க" என்று அவர் இரண்டு முறை கேட்டது எனக்கு ஒரு கை கொடுக்கத்தான். எழுதுவதற்கு ஒரு வரியாவது கிடைக்காதா என்று கேட்டிருக்கிறார். பிறகு நானே எத்தனையோ பேரிடம் அப்படி இரண்டாவது முறை கேட்டிருக்கிறேன்.

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நடந்தது இதுவாகக்கூட இருக்கலாம். நேர்காணல் எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். ஒரு பெண் வந்திருந்தார். நன்றாகச் செய்தார். தரவு அதிகமானால் தன் கோடு எங்கே தடுமாறும் என்று நான் கேட்காமலே சொன்னார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அன்றைக்கு வேறு வேலை நெருக்கடி, குறிப்பை மறுநாள் மாலைதான் எழுதினேன். "நன்றாக யோசிக்கிறார், விளக்கம் தெளிவு, எடுக்கலாம்" என்று மூன்று வரி. விவரம் எல்லாம் அதற்குள் மங்கிப்போயிருந்தது. முடிவுக் கூட்டத்தில் இன்னொருவர் குறிப்பு ஒரு பக்கத்துக்கு இருந்தது. அவர் சுற்றில் ஓரிடத்தில் அந்தப் பெண் தடுமாறியதை நிமிட வாரியாக எழுதியிருந்தார், அவர் பார்த்தது உண்மையும்கூட. "உங்க சுற்றுல குறிப்பா எது நல்லா இருந்தது?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. ஒரு பக்கமா மூன்று வரியா என்று வரும்போது ஒரு பக்கம்தான் ஜெயிக்கும். அவரை எடுக்கவில்லை. அவருக்கும் அதே மெயில்தான் போயிருக்கும், அவரும் நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்திருப்பார். அன்றிலிருந்து நேர்காணல் முடிந்த அரை மணி நேரத்துக்குள் குறிப்பை எழுதாமல் நான் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது தெரியும்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? எதிரில் இருப்பவர் எழுத வரி கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. கேள்வியைக் கேட்டதும் கோடு எழுத இறங்காதீர்கள். பட்டியல் காலியாக இருக்கலாமா, நேரங்கள் ஒன்றோடொன்று தொட்டால் என்ன செய்வது, எத்தனை ஆயிரம் வரும், எத்தனை கோடி வரும் என்று கேளுங்கள். முதலில் தோன்றும் எளிய வழியைச் சொல்லி, அது ஏன் போதாது என்று சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒரு சின்ன உதாரணத்தை எடுத்து, வரி வரியாக நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். தப்பை நீங்களே கண்டுபிடித்தால் குறிப்பில் அது பலமாக விழும், அவர் கண்டுபிடித்துச் சொன்னால் பலவீனமாக விழும். தப்பு என்னவோ ஒன்றுதான்.

பேசிக்கொண்டே யோசிப்பது எல்லாருக்கும் வராது, அது எனக்கும் தெரியும். இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 48 கணினி அறிவியல் மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே வெள்ளைப் பலகையில் தீர்க்க வேண்டும். மற்றவர்கள் தனி அறையில், யாரும் பார்க்காமல். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தவறினார்கள், தனியறைப் பிரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது என்று ஆய்வாளர்களே சொன்னாலும், நேர்காணல் எடுக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல நிறுவனங்களில் இது திறமையை அளக்கிறதா, பதற்றத்தை அளக்கிறதா என்று யாரும் கேட்பதே இல்லை.

அவர்கள் அதைக் கேட்கும்வரை நாம் செய்யக்கூடியது, "ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு சொல்றேன்" என்று வாய்விட்டுக் கேட்பது. இதை மறுத்த ஒரு நேர்காணலாளரை நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிட அமைதிக்குப் பிறகு "மூணு வழி தோணுது, ரெண்டாவதை எடுத்துக்கிறேன், ஏன்னா..." என்று தொடங்கினால் போதும். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் யாரையாவது எதிரில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒருவர் பார்க்கிறார் என்பதற்குப் பழகுவதுதான் பயிற்சி.

மேனேஜர் சுற்றில் நல்லவர்கள் அதிகம் சறுக்குவது 'நாங்கள்' என்ற சொல்லில்தான். "நாங்க டேட்டாபேஸை மாத்தினோம், நாங்க வேகத்தைக் கூட்டினோம்." பண்பு காரணமாகத்தான் அப்படிப் பேசுகிறோம். ஆனால் குறிப்பு எழுதுபவருக்கு அதில் நீங்கள் யார் என்றே தெரியாது. அணியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, "அதில் நான் செய்தது இது" என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரு பெரிய மென்பொருளை எப்படி வடிவமைப்பீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் சுற்றும் இதே போலத்தான், எதை விட்டுக்கொடுத்து எதை எடுத்தீர்கள் என்பதைச் சொன்னால் போதும். புதிர்க் கணக்குகளை இன்னும் மனப்பாடம் செய்பவர்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் அவை வீண் வேலை என்று 2013லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கிடைக்காமல் போவதுண்டு. என் நண்பர் ஒருவருக்கு 2022 இறுதியில் எல்லாச் சுற்றும் தேறியாகிவிட்டது, எந்த அணி என்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில்தான் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. அந்த நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. நண்பரின் ரெக்ரூட்டரிடமிருந்து, அதாவது நிறுவனத்தின் சார்பில் அவரோடு தொடர்பில் இருந்த ஆள் எடுப்பு அலுவலரிடமிருந்து, வாரம் ஒரு மெயில் வந்துகொண்டிருந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. ரெக்ரூட்டரே அங்கே வேலையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இடம் இல்லாமல் போனதற்கும் திறமை போதாததற்கும் வருகிற மெயில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இது பெரிய அநியாயம். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பேசியவருக்கு "இடம் இல்லை" என்ற இரண்டு சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்களா? வழக்கு வரும் என்ற பயத்தில் விவரம் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்கும் அறிவுறுத்தியிருந்தார்கள். அந்த விதி எனக்கு ஒருநாளும் ஒப்பியதில்லை.

ஆனாலும் ரெக்ரூட்டரிடம் கேட்கும் விதத்தில் கேட்டால் கொஞ்சம் தெரியவரும். "என்ன தவறு செய்தேன்" என்று கேட்டால் பதில் வராது, அவர்களால் சொல்லவும் முடியாது. "மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்? கோடிங், டிசைன் இரண்டில் எதற்கு அதிகம் தயாராக வேண்டும்?" என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்டபோது, "கோடிங் பரவாயில்லை, விளக்கிப் பேசுவதைப் பாருங்கள்" என்று ஒரு வரி கிடைத்தது. ஒரு வருடம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் தயார் செய்தேன்.

இரண்டாம் முறை வந்த கேள்வி முதல் முறையைவிடக் கடினம். என்னால் முடிக்கவே முடியவில்லை. ஆனால் எங்கே நிற்கிறேன், மீதி எப்படிப் போகும், எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் என்று கடைசி நிமிடம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுமுனையில் கீபோர்டு சத்தம் நிற்கவே இல்லை.

உங்கள் ஐந்து சுற்றையும் இன்றைக்கே உட்கார்ந்து, நினைவு மங்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாராவது ஒருவர் ஒரே கேள்வியை உங்களிடம் இரண்டு முறை கேட்டாரா? எந்தச் சுற்றில், எந்த இடத்தில் என்று நினைவுக்கு வந்தால் எனக்கும் எழுதுங்கள்.