மலையகத்தில் சட்டத் துணையாளர் பணி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளாகத் தோட்டத் தொழிலாளரின் வழக்குகளிலும் ஆவணத் திருத்தங்களிலும் சட்டத் துணையாளராக உழைத்து வருகிறேன். இந்தப் பணிக்கு வர விரும்பும் பிள்ளைகளும் சில பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து, உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவி: சட்டத் துணையாளருக்கு உண்மையில் என்ன வேலை, ஐயா? அதற்கென்று பட்டமோ அனுமதிப்பத்திரமோ வேண்டுமா?

மகளே, சட்டத்தரணியாக வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நம் பணிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. வேலை செய்து கற்றவர்களே இதில் மிகுதி. வருகிறவரின் கதையை முழுமையாகக் கேட்டு, திகதி வாரியாக எழுதி, அவர் கையிலுள்ள கடதாசிகளைப் பிரித்து அடுக்கி, எது குறைகிறது என்று கண்டுபிடித்து, சட்டத்தரணியின் மேசைக்குப் போகும் முன் வழக்கு ஆவணங்களின் கோவையை ஒழுங்குபடுத்துவதுதான் அன்றாட வேலை. பிரதேச செயலகம், தொழில் திணைக்களம், மத்தியஸ்த சபை, நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் என்று நடக்கவும் வேண்டும். கேட்பதற்குச் சிறிய வேலைபோலத் தோன்றும். ஆனால் மலையகத்தில் ஒருவருடைய உரிமை கைநழுவிப் போவது பெரும்பாலும் நீதிபதியின் முன்னால் அல்ல, அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால், ஏதோ ஒரு கடதாசியில்தான்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் இளைஞர்: கடதாசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓர் உண்மையான கோவையில் என்ன இருக்கும் என்று காட்ட முடியுமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், தம்பி, ஏனென்றால் தொழிலின் சாரம் இதில்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஓர் அம்மா தம் சேவைக்காலப் பணமான பணிக்கொடைக்காகவும் சேமலாப நிதிக்காகவும் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து மேசையில் கொட்டுவார்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி அங்கத்தவருக்கான பி அட்டை. அடையாள அட்டையில் ‘ராமாயி’, தோட்டத்துச் செக்ரோலில் (வேலை நாளும் சம்பளமும் பதியும் ஏட்டில்) ‘ராமாய்’, நிதியின் பதிவில் ‘ராமை’ என்றிருக்கும். தமிழ்ப் பெயரைத் தோட்ட அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அதைப் பார்த்து வேறோர் அலுவலகத்தில் சிங்களத்தில் எழுதி, பிறகு எவரோ மீண்டும் தமிழாக்கிய கதை அது. அந்த அம்மா ஒருத்திதான்; கடதாசியிலோ மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசியாலும் (சத்தியம் செய்து கையெழுத்திடும் எழுத்து வாக்குமூலம்) கிராம உத்தியோகத்தரின் சான்றாலும் நிறுவி, தேவையான திருத்தங்களைச் செய்வித்த பிறகுதான் சேமலாப நிதியைக் கோரும் கே படிவம் நகரும்.

அடுத்தது கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரரென்றால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், நாள் சம்பளக்காரரென்றால் ஆண்டுக்குப் பதினான்கு நாள் சம்பளமும் கிடைக்க வேண்டும். அந்த அம்மா முப்பத்தொரு ஆண்டுகள் கொழுந்து பறித்திருந்தால் 434 நாள் சம்பளம். அதைக் கடைசியாகப் பெற்ற நாள் சம்பளத்தால் பெருக்கிப் பாருங்கள். தோட்டத்தில் சேவைக்காலத்தை இருபத்தாறு ஆண்டுகள் என்று எழுதியிருந்தால் எழுபது நாள் சம்பளம் அவருக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே பெயர் பதிந்த ஆண்டைப் பழைய சம்பளச் சீட்டுகளிலிருந்தும் உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்திலிருந்தும் உறுதிசெய்வது துணையாளரின் கடமை. சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி சம்பளத்தில் தொழிலாளி எட்டு வீதமும் தொழில் கொடுப்போர் பன்னிரண்டு வீதமும் செலுத்தியிருக்க வேண்டும். இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வரும் மூன்று வீதம் முழுவதும் தொழில் கொடுப்போருடையது. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்க முடியாது. சம்பளச் சீட்டில் இதைச் சரிபார்க்கத் தெரிந்தால் பாதி வேலை கற்றாயிற்று.

தலவாக்கலையிலிருந்து: நீங்கள் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்?

திகதியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர், மடித்து மடித்து விளிம்பு கிழிந்துபோன கடிதத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ‘பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருங்கள்’ என்று ஒருவர் மாதாமாதம் சொன்னதை நம்பிக் காத்திருந்திருக்கிறார். வந்தபோது எட்டாவது மாதம். வேலைநீக்கம் போன்ற தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கான விண்ணப்பத்தை வேலைநீக்கத் திகதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்கிறது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, காலம் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கோவையைத் திறந்தாலும் அட்டையின் உட்பக்கத்தில் வேலைநீக்கத் திகதியையும் ஆறு மாதம் முடியும் திகதியையும் சிவப்பு மையில் எழுதுகிறேன். பேச்சுவார்த்தை நடக்கட்டும், விண்ணப்பமும் போகட்டும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

அப்புத்தளையிலிருந்து: எனக்குத் தமிழ் மட்டுமே நன்றாக எழுத வரும். இந்தத் தொழிலுக்கு வரலாமா?

தமிழை நன்றாக எழுத வருவது இங்கே பெரிய மூலதனம். ஆனால் அது மட்டும் போதாது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள். எனினும் வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்கின் பதிவு சிங்களத்தில்தான் நடைபெறும். கட்சிக்காரர் தமிழில் விண்ணப்பிக்கலாம், உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு தர வேண்டியவை. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதும் நம் வேலைதான், கேட்காவிட்டால் அது தானாக வந்து சேர்வதில்லை. ஆனால் வழக்கு மீண்டும் எடுக்கப்படும் அடுத்த தவணைத் திகதியை வழக்கேட்டிலிருந்து நீங்களே வாசிக்க முடியாவிட்டால் வேறொருவரின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் ஒழுங்காகச் சிங்களம் எழுதப் படியுங்கள். பேசத் தெரிந்திருந்தாலும் எழுத்தே முக்கியம். காணி உறுதிகளும் (காணிப் பத்திரங்கள்) பழைய கடிதங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால் அதையும் வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தேடிக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை: கட்சிக்காரர்கள் என்னிடமே ஆலோசனை கேட்கிறார்கள். ‘நீங்களே எழுதித் தாருங்கள், லோயருக்கு ஏன் காசு’ என்று கையில் பணத்தைத் திணிக்கிறார்கள். என்ன செய்வது?

வாங்காதீர்கள், தங்கச்சி. படிவத்தை நிரப்ப உதவலாம், எந்த அலுவலகம் என்று சொல்லலாம், சட்டம் பொதுவாக என்ன கூறுகிறது என்றும் விளக்கலாம். ‘உன் வழக்கு வெல்லும், இதைப் போடு’ என்று சொல்வதும், மன்றில் அவருக்காகப் பேசுவதும் சட்டத்தரணிக்கு உரியவை. தொழில் நியாய சபையில் மட்டும் தொழிற்சங்க உத்தியோகத்தர் தம் அங்கத்தவருக்காகத் தோன்ற முடியும். அதனால் சங்கத்தில் பணியாற்றும் துணையாளருக்கு அங்கே தனி இடம் உண்டு.

காணி உறுதிகளைச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசின் வேலையில் இன்னும் கவனமாக இருங்கள். காணி உறுதி எழுதப்படும்போது கைச்சாத்திடுபவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘அவர் வந்து போய்விட்டார், நீ சாட்சிக்குக் கையெழுத்துப் போடு’ என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உறுதி மாவட்ட நீதிமன்றத்துக்கு வரும்போது சாட்சிக் கூட்டில் நிற்கப்போவது நீங்கள்தான். பணமில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழு வசதியற்றவர்களுக்காகவே இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து: தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசி எங்கே என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். இதையும் துணையாளர் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கின. 2003இன் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவரையும் அவருடைய சந்ததியினரையும் பிரஜைகளாக ஏற்கிறது. ஆகவே பழைய சான்றிதழ் இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது, அந்தச் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் மரியாதையாக எழுத்தில் எடுத்துச் சொல்லும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவும், அதுவும் இயலாதவிடத்து உத்தேச வயதுச் சான்றிதழும் இருக்கின்றன.

பசறையிலிருந்து ஒரு தாய்: மகளை இதற்கு விடலாமா? சம்பளம் எப்படி?

அம்மா, தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெண்பிள்ளைகள் இந்தப் பணிக்கு மிகவும் தேவை. மகப்பேற்றுச் சம்பளம், வீட்டு வன்முறை போன்றவற்றை நம் பெண்கள் ஓர் ஆணிடம் முழுமையாகச் சொல்வதில்லை. வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி பயிலலாம். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கும் தோற்றலாம். கோவை பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பாடங்கள் அந்நியமாக இருக்காது.

பதுளையிலிருந்து, ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இனி இதைக் கற்க முடியுமா?

ஐயா, பேர் போடுவதும் (நாள் சம்பளம் பதிவது) அரைப் பேர் வெட்டுவதும் (அரை நாள் சம்பளமாகக் குறைப்பது) செக்ரோலில் எப்படி எழுதப்படும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. சம்பள வழக்குகளில் நாங்கள் திணறுவது அங்கேதான். அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வரிசையில் அமருங்கள். பகிரங்க மன்றில் எவரும் அமரலாம். ஒரு கொப்பியில் வழக்கு இலக்கத்தையும், என்ன நடந்தது என்பதையும், தவணைத் திகதியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் அப்படி எழுதிய பிறகு அந்தக் கொப்பியோடு ஹட்டனுக்கு வாருங்கள்.