தாடை மூட்டு வலி: பல்லைச் சீவ நாள் குறிப்பதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக இடது காதுக்கு முன்னால் வலி. காது மூக்கு தொண்டை மருத்துவர் காதில் ஒன்றுமில்லை என்றார். ஞானப் பல்லைப் பிடுங்கினார்கள், ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள்; வலி போகவில்லை. வாயைத் திறக்கும்போது ‘கடக்’ என்று கேட்டுவந்த சத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. அன்றிலிருந்து சில மாதங்கள் வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. இப்போது மூன்று விரல் நுழைகிறது. ஆனாலும் வலி இருக்கிறது, மாலையில் நெற்றிப்பொட்டுக்கும் பரவுகிறது. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் மூட்டு டிஸ்க் விலகியிருப்பதாக வந்திருக்கிறது. இரவில் பற்களில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு இரண்டு மாதம்தான் உதவியது. ‘கடி (மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) சரியில்லை, பற்களைச் சீவி உறை போட வேண்டும்’ என்று ஒரு மருத்துவர் அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இது முற்றிலும் குணமாகுமா?

பதில்: முதலில் அடுத்த மாதத்து நாளைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அவசரமாகப் பல்லைச் சீவ வேண்டிய காரணமோ, மூட்டைத் திறக்க வேண்டிய காரணமோ எதுவும் எனக்குத் தென்படவில்லை. நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தடயங்கள் இருக்கின்றன.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். ஒரு குமிழ் விரலுக்கடியில் முன்னோக்கி நழுவும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. வாய் திறக்கத் தொடங்கும்போது அது கதவுக் கீல் போலச் சுழல்கிறது. மேலும் திறக்கும்போது மண்டையோட்டின் பள்ளத்தை விட்டு முன்னால் நழுவுகிறது. எலும்பின் தலைக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே மெத்தை போல இருப்பதுதான் அந்த டிஸ்க். அது முன்புறமாக விலகியிருந்து, வாய் திறக்கும்போது எலும்பின் தலை அதன்மேல் ஏறிக்கொண்டால் ‘கடக்’ என்று சத்தம் வரும். ஏற முடியாமல் டிஸ்க் முன்னாலேயே தங்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். வாயும் பாதியில் நின்றுவிடும். சத்தம் நின்றதும் நோய் தீர்ந்துவிட்டது என்று பலர் மகிழ்வதுண்டு. உண்மையில் அன்றுதான் மூட்டு பூட்டிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவே.

அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்று நினைக்கிறேன். சில மாதங்களில் இரண்டு விரல் மூன்று விரலானது எப்படி? டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பியதால் அல்ல. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மென்மையான திசு, எலும்பின் அழுத்தத்தைத் தாங்கத் தாங்க மெல்ல இறுகி, ஏறத்தாழ ஒரு புதிய டிஸ்க் போலவே வேலை செய்யத் தொடங்குகிறது. பெரியவர்களில் 35 முதல் 55 மில்லிமீட்டர் வரை வாய் திறப்பது இயல்பு. அவரவர் விரலில் மூன்று நுழைந்தால் அந்த அளவைத் தொட்டுவிட்டதாகக் கொள்ளலாம். அதாவது உங்கள் மூட்டு தன்னைத் தானே சரிக்கட்டிக்கொண்டுவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்வது அந்தப் பழைய நிகழ்ச்சியின் தழும்பை. தாடை வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் விலகியிருந்தது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. இப்போதைய நிலையில் அறுவை சிகிச்சை எதைச் சரிசெய்யப் போகிறது என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? மாலையில் கூடுவதும் நெற்றிப்பொட்டுக்குப் பரவுவதும் தசையைச் சுட்டுகின்றன. பற்களைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையையும், நெற்றிப்பொட்டில் விரியும் தசையையும் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். யாரை அழுத்தினாலும் ஓரளவு வலிக்கும். ‘எனக்கு வழக்கமாக வருவது இதே வலிதான்’ என்று தோன்றுகிறதா என்பதே கேள்வி. 2014-இல் வெளியாகி இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் நோயறி நெறிமுறையும் இந்தப் ‘பழகிய வலி’யைத்தான் அடையாளமாகக் கொள்கிறது. உங்கள் மருத்துவர் தசைகளையும் மூட்டையும் இப்படி விரலால் அழுத்திப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லியிருந்தால், பரிசோதனை இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

கடி சரியில்லை என்ற கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், காதில் வலியும் அடைப்பும் இருந்த சில நோயாளிகளுக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லாததைக் கண்டு, கடி தாழ்ந்து மூட்டு பின்னுக்குத் தள்ளப்படுவதே காரணம் என்று எழுதினார். அவருடைய உடற்கூற்று விளக்கம் பிறகு நிலைக்கவில்லை. ஆனால் ‘கடியைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும்’ என்ற நம்பிக்கை பல் மருத்துவத்தில் பல பத்தாண்டுகள் வேரூன்றிவிட்டது. பல் மருத்துவர்களாகிய எங்கள் கையில் இருப்பது பல்லைச் சீவும் கருவி என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பற்களைச் சீவிக் கடியை மாற்றுவதால் இந்த நோய் தீரும் என்பதற்கோ, வராமல் தடுக்கப்படும் என்பதற்கோ நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மூட்டு வீங்கினாலோ தசை இறுகினாலோ கடி மாறியது போலத் தோன்றும்; அதாவது பல நேரங்களில் கடி மாற்றம் விளைவுதான், காரணம் அல்ல. சீவிய எனாமல் மீண்டும் வளராது. எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும், ‘இது பயன்படவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்ற பதில் வந்தால், மற்ற வழிகளெல்லாம் தீரும் வரை அதைத் தொடவேண்டாம்.

இந்தக் கேள்வியைக் கேட்காததற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 1980களில் அமெரிக்காவில் டிஸ்க்கை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளைப் பலருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது துகள்களாக உதிர்ந்து எலும்பையே அரித்தது. 1990களின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. இன்றைய செயற்கை மூட்டுகள் வேறு வகையானவை. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனவர்களுக்கும் முற்றிலும் சிதைந்தவர்களுக்கும் அவை உண்மையாகவே உதவுகின்றன. நீங்கள் அந்த வரிசையில் இல்லை.

2023-இல் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு என்னென்ன பயன்படும் என்று அலசியது. அதில் முன்னிலைக்கு வந்தவை எளிய வழிகளே: பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைக்கும் கழுத்துக்கும் உடற்பயிற்சி, இறுகிய தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துதல், வலியைக் கையாளக் கற்றுத்தரும் அறிதல்–நடத்தைச் சிகிச்சை, நோயைப் பற்றிய தெளிவான விளக்கமும் வீட்டுப் பயிற்சிகளும். டிஸ்க்கை அகற்றும் அறுவையையும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் கருவிகளையும் அது உறுதியாக வேண்டாம் என்றது. கழற்றி மாட்டும் நைட் கார்டையும் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. இந்த ஒன்றில் நான் சற்று வேறுபடுகிறேன்: இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் காக்க, ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் கார்டை நான் இன்னமும் தருகிறேன். அது பல்லுக்கான காப்பு. வலிக்கான மருந்தாக அதை எண்ணியதால்தான் இரண்டு மாதத்தில் உங்களுக்கு ஏமாற்றமாயிற்று. முன்பற்களை மட்டும் மூடும் சிறு கருவிகளையும், இணையத்தில் விற்கும் மெத்தென்ற கார்டுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

நாளை காலையிலிருந்து நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டியது உண்ணும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. நாள் முழுவதும் சேர்த்தாலும் அது சொற்ப நேரம். ஆனால் விடைத்தாள் திருத்தும்போதும், கைபேசியைப் பார்க்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் நம்மில் பலர் அறியாமலே பற்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். பலமாகக் கடிக்க வேண்டும் என்பதில்லை, லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே தசை ஓய்வின்றி உழைக்கும். ‘ன்’ என்று சொல்லி அப்படியே நிறுத்திப் பாருங்கள். நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் நிற்கும், பற்கள் விலகியிருக்கும். உதடுகளை மட்டும் மெல்ல மூடிக்கொள்ளுங்கள். தாடையின் ஓய்வு நிலை அதுதான். மேசையிலும் கைபேசியின் பின்புறத்திலும் கடிகாரத்திலும் ஒரு பொட்டை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் இந்த ‘ன்’னுக்குத் திரும்புங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். இருபது ஆயிரம் ரூபாய்க் கருவியைவிட இந்தப் பொட்டு அதிகம் உதவியதாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பயிற்சி. காலையும் மாலையும் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பயிற்சிக்கு, நாக்கு நுனியை அதே ‘ன்’ இடத்தில் வைத்தபடி, தாடை ஒரு பக்கம் கோணாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளைக்கு ஆறு வேளை. இழுப்பது போன்ற லேசான வலி பரவாயில்லை. குத்தும் வலி வந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் பார்ப்பது மிகவும் நல்லது, ஆனால் தாடைக்கும் சிகிச்சை தரும் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கழுத்தோடு நின்றுவிடுவார்கள்.

வலி மிகுந்த வாரங்களில் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் போதும். முறுக்கு, சீடை, கரும்பு, தேங்காய்ச் சில்லு, சூயிங் கம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் கூழாகவே சாப்பிட்டால் தசை மெலிந்து, பிறகு சிறு வேலைக்கே வலிக்கும். வலி தணிந்ததும் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையை உள்ளங்கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் நீண்ட நேரம் வாயைத் திறந்திருக்க நேர்ந்தால் இடையிடையே மூடி ஓய்வு கேளுங்கள். வகுப்பில் குரலை உயர்த்திப் பேசுவதும் தாடைக்கு உழைப்பே. பள்ளியில் சிறிய ஒலிபெருக்கி கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, வலி உச்சமாக இருக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவர் சொன்ன அளவில் ஒன்றிரண்டு வாரம் உணவுக்குப் பின் எடுக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஆறு ஆண்டு வலியில் நரம்பு மண்டலமே வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடுகிறது. அதனால்தான் சிலருக்கு இரவில் 10 மில்லிகிராம் அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுகிறோம். மருந்துக் கடையில் அதை ‘மனச்சோர்வு மாத்திரை’ என்று சொல்லக்கூடும். இந்தச் சிறிய அளவில் அது வலிக்கும் தூக்கத்துக்குமானது. உங்கள் வலி கற்பனை என்று இதற்குப் பொருளல்ல. தூக்கமின்மையும், ஒற்றைத் தலைவலி போன்ற பிற வலிகளும், இடைவிடாத கவலையும் தாடை வலியைப் பெருக்குகின்றன. குறட்டை அதிகமென்றால் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். போட்டாக்ஸ் ஊசி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஆதாரம் வலுவாக இல்லை, திரும்பத் திரும்பப் போட்டால் மெல்லும் தசை மெலியும், பலன் சில மாதங்களே. மூட்டுக்குள் ஊசி வழியாக நீர் செலுத்திக் கழுவும் முறை, வாய் புதிதாகப் பூட்டிக்கொண்டவர்களுக்கு உதவக்கூடும். இரண்டு ஆண்டு கடந்து வாய் திறந்துவிட்ட உங்களுக்கு அதனால் பெரிய ஆதாயம் இருக்காது.

சில அறிகுறிகள் இருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்கக் கூடாது. வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைவது, கன்னத்திலோ கழுத்திலோ வீக்கம், காய்ச்சல், கீழுதடு மரத்துப்போவது ஆகியவற்றுக்கு உடனே பரிசோதனை வேண்டும். பாக்கு, பான் மசாலா பழக்கமுள்ளவருக்கு வாய் திறக்க முடியாமல், காரம் பட்டால் எரிச்சலும் இருந்தால் அது பெரும்பாலும் மூட்டு நோயல்ல, வாயின் உட்தோல் நாராகி இறுகும் நோய். புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடியது. மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் அடங்கினால் இதயத்தைப் பாருங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடைச் சோர்வும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தக் குழாய் அழற்சியால் பார்வை பறிபோகலாம்.

யாரிடம் போவது? பல் மருத்துவக் கல்லூரிகளில் ‘வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கம்’ என்றொரு துறை இருக்கும்; சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. சிகிச்சையை அங்கிருந்து தொடங்குங்கள். தேவையானால் அறுவை நிபுணரிடம் அவர்களே அனுப்புவார்கள்.

முற்றிலும் குணமாகுமா என்றால், முதுகு வலியைப் போலத்தான் இதுவும். பெரும்பாலானோருக்கு நன்றாகக் குறைகிறது; தேர்வுக் காலத்திலோ வீட்டில் கவலை வரும்போதோ சில நாள் தலைகாட்டும்; ஒத்தடம், மெத்தென்ற உணவு, பொட்டு என்று பழைய வழிக்குத் திரும்பினால் அடங்கும். ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை மூன்றே விவரங்களை எழுதிவாருங்கள்: பத்துக்கு எத்தனை வலி, அடிகோலால் அளந்தால் முன்பற்களுக்கிடையே எத்தனை மில்லிமீட்டர், அந்த வாரம் வலியால் எதைச் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், அந்த நோட்டோடு மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். அப்போது பேச வேண்டியது மருந்தை மாற்றுவது பற்றியும் நோயறிதலை மறுபடி சரிபார்ப்பது பற்றியும்தான்.