அலுவலக சர்வரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருபது பேர் பணிபுரியும் உங்கள் சரக்கு நிறுவனத்தில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இன்னும் ஓடுவதாகவும், அதற்குப் பதிலாக லினக்ஸ் நிறுவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், மாற்றத்தான் வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதே கேள்வி.

அதை இயங்குதளத்தின் தரத்தைவிட அதன்மேல் ஓடும் மென்பொருள்களே தீர்மானிக்கின்றன. கோப்புப் பகிர்வும் பயனர் கணக்குகளும் மட்டுமென்றால் தயங்க வேண்டியதில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சம்பா என்ற மென்பொருள், 2012இல் வெளியான நான்காம் பதிப்பு முதலே ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கண்ட்ரோலராகவும் (பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சர்வராகவும்) செயல்படுகிறது, பயனருக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணமும் இல்லை.

கணக்கியல் மென்பொருள்தான் சிக்கல். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதை லினக்ஸில் எப்படியாவது ஓடவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு மின்விலைப்பட்டியல் அனுப்ப முடியாமல் போகும் நாளில், மென்பொருளை விற்றவர் அத்தகைய அமைப்புக்குப் பொறுப்பேற்க வாய்ப்பில்லை. வணிகப் பதிவேடுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருப்பதால் பழைய தரவும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எனவே விற்பனையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அவர் விண்டோஸ் மட்டுமே என்றால், ஒரே கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை (தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் மென்பொருள் அமைப்புகளை) அமைத்து, கோப்புகளை லினக்ஸிலும் கணக்கை 2031 அக்டோபர் வரை ஆதரவுள்ள விண்டோஸ் சர்வர் 2022இலும் வைப்பதையே பரிந்துரைப்பேன். லினக்ஸைப் பராமரிக்கத் தெரிந்தவர் அலுவலகத்திலோ அழைத்தால் வரும் தூரத்திலோ இல்லையென்றால், இரண்டையும் விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும், காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்த பிறகே பழைய சர்வரை நிறுத்துங்கள்.