நூறு கேபின் விண்கப்பல்: விலையும் ஊழியர் சலுகையும் – கேள்வி பதில்

அமெரிக்காவின் புளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா வளாகத்துக்குள், 'ஸ்டார் வார்ஸ்' திரைப்பட உலகின் விண்கப்பல் போல அமைத்த 'ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூசர்' என்ற ஓட்டல் 2022 மார்ச் 1 அன்று திறந்தது. 2023 செப்டம்பர் இறுதியில் மூடிவிட்டார்கள். அதன் விலையையும், இத்தகைய இடங்களில் ஊழியர்களுக்குக் கிடைக்கும் சலுகையையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டல் அறைகளுக்கு விலை வைக்கும் வேலையில் இருந்தவள் நான். டிஸ்னியில் வேலை பார்த்ததில்லை. விருந்தினராக ஒரு முறை, முழு விலை கொடுத்து, அந்த ஓட்டலுக்குப் போயிருக்கிறேன்.

சேலம் வாசகர்: அக்கா, இரண்டு இரவு தங்க ஐயாயிரம் டாலரா? தங்கத்தாலா கட்டினார்கள்?

அவர்கள் வெளியிட்ட மாதிரி விலையிலிருந்தே தொடங்குவோம். இருவர் தங்கும் கேபினுக்கு மொத்தம் 4,809 டாலர். பெரியவர் இருவரும் ஒரு குழந்தையும் என்றால் 5,299. பெரியவர் மூவரும் ஒரு குழந்தையும் என்றால் 5,999. தேதியைப் பொறுத்து இது கூடும்.

இந்தத் தொகையை இரண்டால் வகுத்து, 'ஓர் இரவு வாடகை 2,400 டாலர்' என்று சொல்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அங்கே அறையை மட்டும் யாருக்கும் விற்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் ஏற வேண்டும், ஒரே நாளில் இறங்க வேண்டும். இடையில் ஒரு நாள் மட்டும் வந்து தங்க வழியே இல்லை. மது நீங்கலாக மூன்று நாள் சாப்பாடு, ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்குள் ஸ்டார் வார்ஸ் பகுதிக்கு ஒரு நாள் பயணம், கார் நிறுத்தும் கட்டணம் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். ஆனால் பணத்தின் பெரும்பகுதி போனது நாடகத்துக்கு. 'ஹால்சியன்' என்ற விண்கப்பலில் நீங்கள் பயணி. சன்னல்கள் எல்லாம் திரைகள், அவற்றில் விண்வெளி ஓடிக்கொண்டிருக்கும். கப்பலின் கேப்டன், பயண நிர்வாகி, எதிரிப் படையின் அதிகாரி, பாடகி, எந்திர அறைப் பையன் என்று நடிகர்கள் காலை முதல் இரவு வரை உங்களோடு பேசுவார்கள். நீங்கள் யார் பக்கம் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்த அறைக்கு, எந்த இரகசியக் கூட்டத்துக்கு அழைப்பு வரும் என்பது மாறும்.

எனவே இதை ஓட்டல் வாடகையோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டுமானால் கப்பல் பயணத்தோடும் நாடக டிக்கெட்டோடும் ஒப்பிடுங்கள். அப்போதும் விலை அதிகம்தான். ஆனால் எதனால் அதிகம் என்பது விளங்கும்.

கிள்ளான் வாசகி: குழந்தைக்கு அரை விலை உண்டா?

தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடாதீர்கள். இருவர் போனால் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 1,200 டாலர். நால்வர் போனால் 750. விலையின் பெரும்பங்கு கேபினுக்கு.

திருச்சி பொன்மலை வாசகர்: அப்பா ரயில்வேயில் இருந்தார். ஆண்டுதோறும் பாஸ் கிடைக்கும், பி.டி.ஓ. என்ற சலுகைச் சீட்டு எழுதினால் மூன்றில் ஒரு பங்கு கட்டணம். அமெரிக்க ஓட்டல் ஊழியர்களுக்கும் இப்படி உண்டா? முதலாளி ஏன் கொடுக்கிறார்?

நல்ல கேள்வி. இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

உண்டு. டிஸ்னி தன் ஊழியர்களைக் 'காஸ்ட் மெம்பர்' என்று அழைக்கும். நாடகக் குழுவினர் என்று பொருள். பூங்காவுக்குள் இலவசமாக நுழைய அவர்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் கூட்டம் மிகுந்த சில நாட்களுக்கு அது செல்லாது. வளாகத்திலுள்ள வழக்கமான ஓட்டல்களில் பெரிய தள்ளுபடி கிடைக்கும், ஆனால் அறை காலியாக இருந்தால் மட்டும். மற்ற ஓட்டல் நிறுவனங்களிலும் இதுதான் வழக்கம். மேரியட்டில் 'எக்ஸ்ப்ளோர்' விலை, ஹில்டனில் 'கோ ஹில்டன்' என்று பெயர் மாறும், அவ்வளவுதான்.

ஏன் கொடுக்கிறார்கள்? இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது. புறப்பட்டுப்போன ரயிலின் காலி இருக்கை மாதிரி. அதில் ஓர் ஊழியர் படுத்து எழுந்தால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு, படுக்கை விரிப்பு துவைத்து அறையைத் துப்புரவு செய்யும் கூலிதான். அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 132ஆம் பிரிவு இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. விமான இருக்கை, ஓட்டல் அறை போன்று மீந்து கிடப்பதை, கூடுதல் செலவு பெரிதாக இல்லாமல் ஊழியருக்குக் கொடுத்தால், இலவசமாகவே கொடுத்தாலும் வரி கிடையாது. ஆனால் அந்த ஊழியர் அதே தொழில் பிரிவில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். மற்றச் சேவைகளில் விலையில் 20 சதவீதம் வரையிலான தள்ளுபடிக்குத்தான் வரிவிலக்கு. அதற்கு மேல் கொடுத்தால், மிகுதி ஊழியரின் வருமானமாகக் கணக்கில் ஏறும். மேலதிகாரிகளுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் அவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி விண்கப்பலுக்கு வாருங்கள். அங்கே அறையோடு மூன்று நாள் சாப்பாடும் பூங்காப் பயணமும் சேர்ந்து வருகின்றன. காலிக் கேபினில் ஓர் ஊழியர் குடும்பத்தை ஏற்றினால் படுக்கை விரிப்போடு செலவு நிற்காது. நடிகர்களின் சம்பளம் எப்படியும் போகப்போவதுதான். சாப்பாடு அப்படி இல்லை. ஆகவே சாதாரண ஓட்டலின் ஊழியர் சலுகையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

சென்னை வாசகர்: ஊழியருக்குப் பாதி விலை என்று வைத்துக்கொண்டால் பெரிய சலுகைதானே?

சதவீதம் பெரிதாகத் தெரியும். மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். 4,809இல் பாதி ஏறத்தாழ 2,405 டாலர். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2023 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தம், மணிக்கு 15 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை அந்த ஆண்டு இறுதிக்குள் 18 டாலராக்கியது. 18 டாலர் என்றால் 134 மணி நேரம், அதாவது மூன்று வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. 15 டாலர் என்றால் 160 மணி நேரம், முழுதாக நான்கு வாரம். பிடித்தம் எதுவும் போகாமல், வீட்டு வாடகை கொடுக்காமல், சாப்பிடாமல் இருந்தால்!

அந்த வளாகத்தில் அறை துடைக்கிறவரும் தட்டு கழுவுகிறவரும் பாதி விலையிலும் ஏற முடியாத கப்பல் அது. இது என்னை உறுத்துகிறது. சலுகையை அளக்க வேண்டியது வாங்குகிறவரின் நாள்கூலியால்தான்.

தஞ்சாவூர் வாசகர்: எனக்குத் தெரிந்த ஒருவர், ஊழியர் விலையில் ஓட்டல் அறை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஊழியர் சலுகையை விற்கும் ஊழியருக்கு வேலை போகும். வாங்கியவர், வரவேற்பு மேசையில் அடையாள அட்டை கேட்கும்போது பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் வெளியே நிற்பார். நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் இரவு பதினொரு மணிக்கு அப்படி ஒரு குடும்பம் வந்து நின்றது. முழு விலை கட்ட அவர்களிடம் பணம் இல்லை. அந்தப் பெண்பிள்ளையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

மதுரை வாசகி: ஓர் இரவு வாடகை 2,400 டாலர் என்பது கொள்ளை இல்லையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: நீங்கள் ஊழியர் பக்கம் சாய்கிறீர்கள். முழு விலை கொடுத்தவன் பக்கத்தில் சலுகை விலைக்காரனை உட்கார வைத்தால், கொடுத்தவன் ஏமாந்தவன் ஆகிறான். இப்படிப்பட்ட சலுகைகள்தான் உயர்தர ஓட்டல்களை அழிக்கின்றன. இந்த ஓட்டலும் அப்படித்தான் அழிந்தது.

இல்லை. உறுதியாக மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் நூறு கேபின். அதே வளாகத்திலுள்ள 'பாப் செஞ்சுரி' ஓட்டலில் 2,880 அறைகள். நூறு கேபினும் நிரம்பி, கேபினுக்குச் சராசரியாக 5,000 டாலர் வந்தால் ஒரு பயணத்துக்கு ஐந்து லட்சம் டாலர். இரண்டு நாளுக்கு ஒரு பயணம் என்றால் ஆண்டுக்கு 180க்குச் சற்று மேல். வசூல் ஒன்பது கோடி டாலர் அளவில் இருக்கும். ஒரு கேபின்கூடக் காலியில்லாமல், ஒரு நாள்கூட ஓயாமல் ஓட்டினால் வரும் உச்ச வசூல் இது. மூடியபோது டிஸ்னி இரண்டு காலாண்டுகளில் எழுதிய கூடுதல் தேய்மானம், அதாவது போட்ட முதலின் மதிப்பு போய்விட்டதாகக் கணக்கில் காட்டிய இழப்பு, மட்டும் சுமார் 25 கோடி டாலர். உச்ச வசூலிலேயே ஏறத்தாழ மூன்று ஆண்டுக் காசு! அதற்கும் முன்பே நடிகர் சம்பளமும் சமையல் செலவும் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தைச் சில ஊழியர் குடும்பங்களா வெட்டின?

அதே கேள்விக்கு டொரான்டோ வாசகர்: சிங்கப்பூர்க்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. நான் விமானத்தில் முழுக் கட்டணம் கொடுத்து உட்காரும்போது, பக்கத்தில் ஊழியர் இலவசமாக வந்தால் எரிச்சலாக இருக்கும்.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் உங்களுக்கு வசதி. சாதாரண ஓட்டலில் பக்கத்து அறை காலியென்றால் நிம்மதியான தூக்கம். இந்தக் கப்பலில் பக்கத்துக் கேபின் காலியென்றால் உங்களுக்கு நட்டம்.

தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டியங்காரன் முன்வரிசையில் இருப்பவனை வம்புக்கு இழுத்து, அவன் திருப்பிச் சொல்லும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை ஏற்றுவான். களரி காலியாக இருந்தால் யாரை இழுப்பான்? ஸ்டார்குரூசரில் பயணிகள்தான் பாதி நாடகம். கப்பலின் கட்டுப்பாட்டு மேடையில் பயிற்சிக்கு நின்றபோது, என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் எதிரிப் படை அதிகாரியிடம் அசராமல் பொய் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எவ்வளவு கொடுத்து வந்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவர் இல்லாவிட்டால் என் பணத்துக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

கதையைக் காதலிக்கும் ஓர் ஊழியரைச் சலுகை விலையில் காலிக் கேபினில் ஏற்றினால், முழு விலை கொடுத்தவருக்குத்தான் ஆதாயம் கூடுகிறது. இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சிங்கப்பூர் வாசகர் மறுபடியும்: அப்படியானால் எல்லோருக்கும் விலையைக் குறைத்திருக்கலாமே?

இது உங்கள் முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. நூறு கேபினுக்கும் நானூறு கேபினுக்கும் கேப்டன் ஒருவர்தான். ஆனால் நூறு கேபினில்தான் அவர் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார். விலையைக் குறைத்தால் கேபினைக் கூட்ட வேண்டும், கூட்டினால் அந்த நெருக்கம் போய்விடும். கட்டும்போதே போட்ட முடிச்சு அது. விலைப் பட்டியலை மாற்றி அவிழ்க்க முடியாது. கருப்பொருள் பூங்காத் துறையினர் ஸ்டார்குரூசருக்குத் தியா விருது கொடுத்தார்கள். கலையாக அது வென்றது என்றே நானும் சொல்வேன். 2023 மே 18 அன்று மூடும் அறிவிப்பு வந்த பிறகு, மீதமிருந்த பயணங்கள் மளமளவென்று நிரம்பின. விருப்பம் இருந்தவர்கள் இருந்தார்கள். ஆண்டுக்கு 180 முறை கப்பலை நிரப்ப அவர்கள் போதவில்லை.

ஈரோடு வாசகர்: அமெரிக்க விசா எப்படி எடுப்பது?

என் துறை அல்ல. தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பாருங்கள். முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணம் வாசகி: நான் ஒரு ஓட்டலில் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர் விலை உண்டு என்று சேரும்போது சொன்னார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம், தங்கச்சி. அது சம்பளத்தின் ஒரு பகுதி. மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஓட்டல்களுக்குப் பொருந்தும், ஆண்டுக்கு எத்தனை இரவு, பெற்றோர் தனியாகத் தங்கலாமா, சாப்பாட்டுக்கும் தள்ளுபடி உண்டா. விழாக் காலத்தைத் தவிர்த்து, வார நடுவில் கேட்டால் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே அனுமதிக் கடிதத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நெருங்கிய தோழியாக இருந்தாலும். தஞ்சாவூர் வாசகருக்கு எழுதியதைப் பாருங்கள்.

விழுப்புரம் வாசகர்: அடுத்த கோடை விடுமுறைக்கு ஸ்டார்குரூசரில் நால்வருக்கு எவ்வளவு ஆகும்?

மூடிவிட்டார்கள், ஐயா. கடைசிப் பயணம் 2023 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. ஸ்டார் வார்ஸ் பகுதி பூங்காவுக்குள் இன்னும் இருக்கிறது. பூங்கா டிக்கெட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைகள் அங்கே வாள் செய்து தரச் சொல்வார்கள். 2019இல் திறந்தபோதே அதற்கு 200 டாலர் வாங்கினார்கள். அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.