தனி ஆளாகப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் ஒரு நாளை ஜாலியாகக் கழிக்க முடியுமா? இலங்கை மலையகத்தில் எங்கே போகலாம்?

தாராளமாக முடியும். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன், பாடசாலையில் படிப்பிக்கிறேன். லீவு விட்டு, கையில் கொஞ்சம் காசும் இருந்தால் காலையில் பஸ் ஏறிவிடுவேன். கூட்டாளிமார் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

ஆனால் "பூங்கா" என்று நீங்கள் எதை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது. ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போனால் நாள் முழுக்க ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, மோதும் கார் என்று ஏறி இறங்குகிற பெரிய பூங்கா மலைநாட்டில் இல்லை. அதற்கு ஹன்வெல்லவில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே என்று கீழே இறங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாம் சிதறிக் கிடக்கிறது. எல்லவில் கம்பியில் தொங்கிப் பறக்கிற ஸிப் லைன், நுவரெலியாவில் கிரகரி வாவியில் படகும் குதிரையும் சைக்கிளும், விக்டோரியா பூங்காவில் குட்டி ரயில், ஏப்ரல் சீசன் வந்தால் கார்னிவல். இதிலே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் போனால் ஒரு நாள் நன்றாகப் போகும்.

எங்கள் ஆட்களுக்குத் தனியாகப் போவது ஏன் இவ்வளவு விசித்திரமாகப் படுகிறது என்றால், தோட்டத்தில் "ட்ரிப்" என்றாலே வேன்தான். விடியற்காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பின் சீட்டில் சோற்றுச் சட்டியை ஏற்றி, ஸ்பீக்கரை முழு சத்தத்தில் வைத்து, பதினைந்து பேர் போக வேண்டிய வேனில் இருபத்திரண்டு பேர் போவது. அது ஒரு தனிச் சந்தோஷம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போய் நான் எதிலும் ஏறியதில்லை. சீதை அம்மன் கோயிலில் ஒரு மணித்தியாலம், சாப்பாட்டுக்கு இடம் தேடுவதில் ஒரு மணித்தியாலம், யாரோ ஒரு பிள்ளைக்கு வாந்தி, மாமா ஒருவரைக் காணோம் என்று தேடல். லேக்குக்கு வந்து சேரும்போது மழை பிடித்துவிடும். நுவரெலியாவில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு மப்பும் மழையும் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. காலையில் போய் இறங்கினால்தான் நாள் நம்முடையது, இருபத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு அது நடக்காது. தனியாகப் போகிறவளுக்குக் கிடைக்கிற பெரிய லாபமே அந்தக் காலை நேரம்தான்.

அடுத்த லாபம் ஒன்று இருக்கிறது. நான் எதிர்பார்க்காதது. சவாரி நடத்துகிறவர்களுக்குத் தனி ஆள் என்றால் நல்ல வசதி. வெளிநாட்டுப் பெரிய பூங்காக்களில் தனியாக வருகிறவர்களுக்கென்றே வேறு வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர், நான்கு பேர் என்று உட்கார வைத்தபின் மிஞ்சுகிற ஒற்றை சீட்டுக்கு அந்த வரிசையிலிருந்து ஆள் எடுப்பார்கள், அது மற்ற வரிசையை விட வேகமாக நகரும். எங்கள் ஊரில் அதற்கு வரிசை கிடையாது, ஆனால் காரியம் அதேதான். எல்லவில் எனக்கு அது நடந்தது.

எல்லவில் இருப்பது இரட்டைக் கம்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் புறப்படலாம். தூரம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல், கீழே தேயிலை மலை, எதிரே எல்லப் பாறை. எனக்கு முன்னால் காலி ஊர்ப் பக்கத்துப் பையன்மார் ஐந்து பேர் நின்றார்கள். நாலு பேர் சோடி சேர்ந்துவிட்டார்கள், கடைசிப் பையன் மட்டும் மிச்சம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூட வந்தவர்கள் முன்னால் தைரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன், தனியே போக வேண்டும் என்றதும் ஹெல்மெட் பட்டியை மூன்று தரம் சரிசெய்தான். அங்கே வேலை செய்கிறவர் வரிசையை எட்டிப் பார்த்து, "நங்கி, தனியமத?" (தங்கச்சி, தனியாகவா?) என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். "ஓவ்", ஆமாம் என்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு புதுத் தம்பதியைத் தாண்டி என்னைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

முதலில் எடை பார்க்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, காரணம் இருக்கிறது. கனமான ஆள் கம்பியில் வேகமாகப் போவார், மெலிந்த ஆளைக் காற்று பிடித்துக்கொள்ளும். எதிர்க் காற்று பலமாக அடித்தால் மெலிந்தவர்கள் முனைக்குப் போய்ச் சேராமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுவதும் உண்டு, அப்போது ஆள் வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் இத்தனை கிலோவுக்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பட்டியை இறுக்கி, கப்பியில் கொளுவி, அதற்கு மேலே இன்னொரு கொளுவியும் போட்டு, கையால் இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். அந்த இழுவையைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. பாவாடை, சேலை சரிவராது. சுடிதார் என்றால் ஷாலைக் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும்.

தள்ளிவிட்ட முதல் நொடியில் வயிறு மேலே வருகிறது. அதற்குப் பிறகு பயம் இல்லை, சத்தம்தான். கம்பியில் கப்பி ஓடுகிற அந்தச் சீழ்க்கைச் சத்தம் காதுக்கு மேலேயே இருக்கும். பக்கத்துக் கம்பியில் அந்தப் பையன் "அம்மே!" என்று கத்திக்கொண்டு வந்தான், நானும் கத்தினேன், யாருக்கு என்ன வெட்கம், ஒருவரை ஒருவர் இனிமேல் பார்க்கப் போவதில்லை. அவன் கனமானவன், பாதியிலேயே என்னை முந்திவிட்டான். கீழே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் தெரிந்தார்கள். இடுப்பில் படங்கு கட்டி, தலையில் பையை மாட்டியபடி நின்றவர்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நாளெல்லாம் தலைக்கு மேலே யாராவது கத்திக்கொண்டு போனால் வேறென்ன செய்வார்கள்? என் அம்மாவும் இன்னும் மலைக்குப் போகிறவர்தான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "அந்தப் புள்ளைகளுக்கு அன்னிக்கு எத்தன கிலோ பேரு போட்டாங்களோ" என்றுதான் கேட்டார். இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், என்பது தோட்டத்துக் கணக்கு. என் வீரக் கதையை யாரும் கேட்கவில்லை.

நுவரெலியா நாள் வேறு மாதிரி. அங்கே வேகம் இல்லை, சோம்பலாகச் சுற்றலாம். கிரகரி வாவியை ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், ஆற்றை மறித்துக் கட்டினார்கள். மலையெல்லாம் கோப்பி நின்ற காலம் அது. வெள்ளைக்காரர் படகு விட்டுப் பொழுது போக்கக் கட்டிய குளத்தில் இன்று தோட்டத்துப் பிள்ளைகள் அன்னப் படகு மிதிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி, ஒளிக்க மாட்டேன்.

அன்னப் படகு இரண்டு பேருக்காகச் செய்தது. தனியாக ஏறினால் உங்கள் பக்கம் சாய்ந்தபடியே போகும். பையை மற்றப் பக்கம் வைத்துப் பார்த்தேன், என் பை அதற்குக் காணாது. லைஃப் ஜாக்கெட் முந்தியவர் போட்ட ஈரத்தோடு வரும், காலைக் குளிரில் அதன் பிளாஸ்டிக் கொக்கி ஐஸ் மாதிரி இருக்கும், விரலால் அதைப் பூட்டவே சிரமம். காற்று இல்லாத நேரம் பார்த்து ஏறுங்கள். காற்று அடிக்கத் தொடங்கினால் கரையிலிருந்து போவது சுலபம், திரும்பி வருவதற்குத் தனி ஆளின் கால் போதாது. வேகப் படகுக்குத் தனியாகப் பணம் கட்டினால் கை கடிக்கும். முன்னால் நிற்கிற குடும்பத்திடம் "ஒரு சீட் இருந்தா நானும் வரவா, பங்கு தாறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். குதிரைச் சவாரி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குதிரைகளின் முதுகையும் விலாவையும் பார்த்தபின் ஏற மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காசுக்குச் சைக்கிள் எடுத்து ஏரிக் கரையோரம் ஓட்டுங்கள்.

விக்டோரியா பூங்காவில் இருக்கும் குட்டி ரயில் பிள்ளைகளுக்கு. வளர்ந்த ஆள் தனியாக ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள், நான் ஏறவில்லை. ஆனால் அந்தப் பூங்காவில்தான் எனக்கு இனமான ஆட்களைக் கண்டேன். குளிர்காலத்தில் வலசை வருகிற காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னப் பறவையைப் பார்ப்பதற்கென்றே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், அதிலும் பலர் தனித்தனியே. குப்பை கொட்டுகிற ஓடைப் பக்கமாகத் தொலைநோக்கியோடு அரை மணி நேரம் அசையாமல் நிற்கிற ஒருவரிடம் "தனியாவா வந்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. நம்மைத்தான் கேட்கிறார்கள்.

கேட்பார்கள், அதற்குத் தயாராகவே போங்கள். டிக்கெட் கொடுக்கிறவர், சோளம் அவிக்கிற அக்கா, பக்கத்து பெஞ்சு ஐயா, எல்லாரும். பெண் பிள்ளை என்றால் அடுத்த கேள்வி "வீட்டுக்காரர் வரலியா?" நான் முதலில் நீட்டி நீட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது "பின்னால வாறாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். பொய்தான், ஆனால் கேட்டவருக்கும் நிம்மதி, பின்னாலேயே வருகிற வேலையில்லாத பொடியன்மாரும் நின்றுவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். சோளம் விற்கிற ஓர் அக்கா, நான் தனி என்று தெரிந்ததும் என் பையைத் தன் தள்ளுவண்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு "போயிட்டு வாம்மா" என்று படகுக்கு அனுப்பினார். தனியாகப் போவதில் உண்மையான சிக்கல் பை ஒன்றுதான். அதனால் கைப்பை வேண்டாம், முதுகில் மாட்டுகிற சின்னப் பை, அதற்குள் ஒரு ஸ்வெட்டர், மாற்றுச் சட்டை, பொலித்தீன் உறை ஒன்று போனுக்கு. தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம், உள்ளூர் ஆளுக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கெட் விலை வேறு. வேற்று ஊர்த் தமிழ் பேசினால் சில இடங்களில் இந்தியாவா என்று கேட்டு விலையை ஏற்றப் பார்ப்பார்கள்.

கார்னிவலைப் பற்றி: ஏப்ரலில் நுவரெலியா முழுக்கச் சனம். கூட்டம் பிடிக்காது என்றால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். பிடிக்கும் என்றால் ராத்திரியில் ராட்டினத்துக்குப் போங்கள். பெரிய ராட்டினத்தில் பாரம் ஒரே பக்கம் சேரக் கூடாது, அதனால் ஆட்களை ஏற்றுகிறவர் எதிரும் புதிருமாகப் பெட்டிகளை நிரப்புவார். ஒரு பெட்டியில் ஆள் குறைந்தால் பஸ் கண்டக்டர் மாதிரி "ஒராள், ஒராள்" என்று கத்துவார். கையைத் தூக்கிவிட்டால் போதும். ஒருமுறை என்னை ஒரு பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்த பெட்டியில் போட்டார்கள். உச்சியில் நின்றதும் பாட்டி என் கையைப் பிடித்தவர் இறங்கும்வரை விடவே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோவேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் குளிரில் நின்று சாப்பிட அதைப் போல ஒன்று இல்லை. வெறும் வயிற்றில் ஸிப் லைன் ஏறலாம், நிறைந்த வயிற்றில் வேண்டாம். கொத்து ரொட்டி சாப்பிடுவதென்றால் எல்லாம் முடிந்தபிறகு. ஏரிப் பக்கத்துக் கடைகளை விட பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கும் கடைகளில் விலை தாங்கலாம், பிளேன்டீயும் சாயம் கூட இருக்கும்.

எல்லவையும் நுவரெலியாவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வெலிமடை வழியாகப் போகிற பாதை முழுக்க வளைவு, பஸ் மாறவும் வேண்டும், இரண்டு இடத்திலும் அரைகுறையாகத்தான் இருப்பீர்கள். திரும்பும்போது கடைசி பஸ்ஸை நம்பி நிற்காமல் இருட்டுவதற்கு முன்னாலேயே ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஹட்டன் பக்கம் போகிறவர்கள் பஸ் உள்ளே வந்து நிற்குமுன் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடிப்பார்கள். தனியாகப் போகிறவருக்குப் பையைப் போட்டுவிட்டு ஏற முடியாது, அதனால் நான் பஸ் கதவு வந்து நிற்கிற இடத்துக்குப் போய் முதல் ஆளாக நின்றுகொள்வேன்.