பத்துக்கு ஒன்பது எடுத்த விளக்கமும் பிழை விடும்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்திருக்கிறோம். விலை பார்க்க, கையிருப்புப் பார்க்க என்று அது அழைக்கும் சிறு நிரல்கள், அதாவது கருவிகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றும் எதற்கு என்று மாடலுக்கு எழுதிக் கொடுத்த விளக்கங்களை இன்னொரு ஏஐ மாடலிடம் காட்டிப் புள்ளி போடச் சொன்னேன். பத்துக்கு ஒன்பது தந்தது. ஆனால் ஆட்கள் “சிவப்புப் பச்சையரிசி இருக்கோ?” என்று கேட்டால், கையிருப்பைப் பார்க்காமல் விலையைச் சொல்லிவிட்டுப் போகிறது. விளக்கம் சரியா பிழையா என்று எப்படி அளப்பது?

பதில்: அந்த ஒன்பது புள்ளி உங்கள் வசனத்துக்குக் கிடைத்தது. அதை வாசித்து ஏஜென்ட் என்ன செய்கிறது என்பதற்கு இன்னும் யாரும் புள்ளி போடவில்லை. (எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அவரையும் விளம்பரத்தை வாசித்து யாரும் நம்புவதில்லை, எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்றுதான் விசாரிப்போம்.)

மாடலுக்கு உங்கள் கோட் தெரியாது. கருவியின் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற வரையறை, இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் பங்ஷன் காலிங்கை (மாடல் வெளிக் கருவிகளை அழைக்கும் வசதி) கொண்டுவந்தபோதும் இதுதான் நிலைமை; 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபியிலும் (கருவிகளை மாடலோடு இணைக்கும் பொது முறை) இதுதான். கடைக்குப் புதிதாக வந்த பொடியனை களஞ்சிய அறைக்குள் விடாமல், கதவில் ஒட்டிய சீட்டை மட்டும் வாசித்துச் சாமான் எடுக்கச் சொல்வது போன்ற வேலை.

ஆகவே சீட்டை அல்ல, பொடியன் எடுத்துவரும் சாமானைப் பாருங்கள். கடைக்கு உண்மையாக வந்த வாட்ஸ்அப் செய்திகளில் நாற்பதை எடுங்கள். பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் நீக்கிவிடுங்கள். எழுத்துப் பிழைகளையும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழையும் திருத்த வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி, என்ன உள்ளீடு என்பதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னமே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் வந்த பதிலுக்கு ஏற்ப மனம் வளைந்துவிடும். எந்தக் கருவியையும் அழைக்கக்கூடாத கேள்விகளும் நாலைந்து வேண்டும். “நல்லூர்த் தேரன்று கடை திறப்பியளோ?” என்ற கேள்விக்கு உங்களிடம் கருவி இல்லையென்றால், சும்மா இருப்பதுதான் சரியான விடை. பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பங்ஷன் காலிங் தரவரிசையிலும் இதைத் தனியாகச் சோதிக்கிறார்கள்.

ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து தடவை ஓட்டுங்கள், மொத்தம் 200. ஒரே கேள்விக்கு மாடல் ஒருமுறை ஒன்றையும் மறுமுறை இன்னொன்றையும் எடுக்கும். ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எண்ணும்போது இரண்டு கணக்கு வேண்டும். சரியான கருவியை எடுத்ததா என்பது ஒன்று. சரியான உள்ளீட்டைக் கொடுத்ததா என்பது மற்றது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். “கச்சான் இருக்கோ?” என்று கேட்டால் ஏஜென்ட் கையிருப்புக் கருவியைத்தான் எடுக்கும், ஆனால் உள்ளீட்டில் “நிலக்கடலை” என்று போட்டுவிடும். கடைப் பதிவில் இருப்பது கச்சான். விடை: சரக்கு இல்லை. மூட்டை அங்கே அடுக்கிக் கிடக்கும்! ஆந்த்ரோபிக்கிலும் இதே இனத்துப் பிழை நடந்திருக்கிறது: இணையத் தேடலில் அவர்களின் மாடலான கிளாட் தேவையில்லாமல் 2025 என்ற ஆண்டைச் சேர்த்துக்கொண்டிருந்ததைக் கருவி விளக்கத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள்.

உங்கள் விளக்கம் “கையிருப்புத் தகவலைப் பெறும்” என்று இருந்தால் நான் இப்படி மாற்றுவேன்: “ஒரு பொருள் இப்போது கடையில் எவ்வளவு உள்ளது என்று தரும். ‘இருக்கோ’, ‘வந்திட்டுதோ’ என்று கேட்டால் இதை எடு. விலை இதில் இல்லை. பொருளின் பெயரை வாடிக்கையாளர் எழுதிய சொல்லிலேயே கொடு, மொழிபெயர்க்காதே.” எப்போது எடுக்க வேண்டும், எதற்கு ஆகாது என்ற இரண்டும் இல்லாத விளக்கம் வெறும் பெயர்ப்பலகை. அதற்காக நீட்டிக்கொண்டும் போகாதீர்கள். பொதுவாக எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போகின்றன, டோக்கனுக்கு (மாடல் எழுத்தை வெட்டி எண்ணும் சிறு துண்டு) காசு. தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் தின்னும். விளக்கத்தை ஆங்கிலத்திலும் ‘இருக்கோ’ போன்ற சொற்களை மட்டும் தமிழிலும் வைத்து அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. விளக்கங்கள் எல்லாவற்றையும் வெறுமையாக்கி, கருவிகளின் பெயரை மட்டும் விட்டு அதே 200-ஐ ஓட்டுங்கள். சரியாக வந்தவற்றின் எண்ணிக்கை அசையவில்லையென்றால் இவ்வளவு நாளும் வேலை செய்தது பெயர்தான், உங்கள் வசனம் அல்ல.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். நாற்பதில் பத்தைத் திருத்த ஓட்டங்களில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் மட்டும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த முப்பது கேள்விக்கு மட்டும் பாடமாக்கிய விளக்கம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் அரிசிக்கு வருவோம். எந்தக் கருவிக்குப் பதில் எது எடுபட்டது என்று ஒரு அட்டவணை போட்டால், விலையும் கையிருப்பும் ஒன்றின் இடத்தில் ஒன்று விழுவது தெரியவரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் விளக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடை முதலாளியிடம் “இருக்கோ?” என்று கேட்டுப் பாருங்கள்: “இருக்கு, கிலோ இவ்வளவு” என்பார். இரண்டையும் ஒரே கருவியாக்கி, அதே கேள்விகளைத் திரும்ப ஓட்டுங்கள்.